சாவடி கேட்டு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் தேசிய நெடுஞ்சாலைகளைத் திட்டமிடும், அமைக்கும், பராமரிக்கும் பொறியாளர்களுக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை தொடங்க இன்னும் இரண்டு மாதங்கள் இருக்கும்போதே இந்த மடலை எழுதிவிடுகிறேன். மழை பிடித்த பிறகு எழுதினால் அது வெறும் புலம்பலாக முடியும். உங்களுக்கும் அப்போது செய்வதற்கு அதிகம் இருக்காது. இன்று காலை என் இருசக்கர வண்டியின் ஓடோமீட்டர் 1,46,318 காட்டியது. இதற்கு முன் வைத்திருந்த வண்டியை 1,21,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு விற்றேன். இரண்டிலுமாகப் பதின்மூன்று ஆண்டுகளில் நான் கடந்த தூரத்தில் பெரும்பகுதி உங்கள் பொறுப்பில் உள்ள நான்குவழிச் சாலைகளில்தான் கழிந்திருக்கிறது என்பதால், அந்தச் சாலைகளைப் பற்றிச் சில செய்திகளைச் சொல்ல எனக்கு ஓரளவு தகுதி உண்டு என்று நம்புகிறேன்.

நான் திருச்சியில் குடியிருக்கிறேன். மருத்துவமனை ஆய்வகங்களில் இருக்கும் இரத்தப் பரிசோதனைக் கருவிகளைப் பழுதுபார்ப்பது என் வேலை. காலை ஐந்தரைக்கு வீட்டை விட்டால், புறநோயாளிகள் வரிசையில் நிற்கத் தொடங்கும் நேரத்துக்கு விழுப்புரம் போய்ச் சேரலாம். அங்கே வேலையை முடித்துக்கொண்டு மதியம் உளுந்தூர்ப்பேட்டை, மாலை பெரம்பலூர் என்று திரும்பினால் இரவு எட்டு மணிக்குள் வீடு. கருவிப்பெட்டியும் உதிரிபாகப் பெட்டியும் சேர்ந்து இருபது கிலோவுக்கு மேல் கனக்கும். அவற்றைத் தூக்கிக்கொண்டு பேருந்து மாறி மாறி ஒரே நாளில் மூன்று ஊர்களுக்குப் போக முடியாது. கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கிடைக்கும் பெட்ரோல் படியில் கார் ஓட்டவும் கட்டுப்படியாகாது. ஆகவே ஒரு நாளைக்கு 300 கிலோமீட்டர் என்பது எனக்குச் சாகசமாக ஒருபோதும் இருந்ததில்லை. அது வேலை நாள், அவ்வளவுதான்.

நெடுந்தூரம் ஓட்டுவதை ஒரு கலையாகவே பயில்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை அறிவேன். அமெரிக்காவில் அயர்ன் பட் அசோசியேஷன் என்ற அமைப்பு, 24 மணி நேரத்துக்குள் 1,000 மைல், அதாவது சுமார் 1,609 கிலோமீட்டர் ஓட்டியதை ரசீதுகளோடு நிரூபிப்பவர்களுக்குச் சான்றிதழ் தருகிறது. நம் நாட்டிலும் அதைப் பெற்றவர்கள் உண்டு. அவர்கள்மீது எனக்கு மதிப்பு இருக்கிறது, கொஞ்சம் பொறாமையும் இருக்கிறது. ஏனென்றால் அவர்கள் நாளைத் தேர்ந்தெடுக்கலாம், வானம் பார்த்துக் கிளம்பலாம், மனம் ஒப்பவில்லையென்றால் தள்ளிப்போடலாம். எங்களுக்கு வானிலை அறிக்கை என்பது மழைக்கோட்டை மேலே வைப்பதா, பெட்டியின் அடியில் வைப்பதா என்று முடிவுசெய்ய மட்டுமே பயன்படும்.

‘எங்களுக்கு’ என்று பன்மையில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. மருந்து நிறுவனப் பிரதிநிதிகள், கைப்பேசிக் கோபுரங்களில் ஏறி வேலை பார்ப்பவர்கள், விதையும் உரமும் விற்கக் கிராமம் கிராமமாகப் போகிறவர்கள், தவணை வசூலிப்பவர்கள் என்று இந்தச் சாலைகளில் அன்றாடம் நூறு இருநூறு கிலோமீட்டர் ஓட்டும் ஒரு கூட்டம் இருக்கிறது. பண்டிகைக் காலத்தில் அது பல மடங்காகப் பெருகும். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ முந்தைய இரவில் பெருங்களத்தூருக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே ஓரமாக நின்று பாருங்கள். ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஆலை வேலை பார்க்கும் பிள்ளைகள் முதுகில் பையோடு மதுரைக்கும் விருதுநகருக்கும் போய்க்கொண்டிருப்பார்கள். கணவன் ஓட்ட, மனைவி பின்னால் அமர, நடுவே உறங்கும் குழந்தையைத் துப்பட்டாவால் இருவரோடும் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். பேருந்தில் இடம் கிடைத்திருக்காது, தனியார் பேருந்தின் கட்டணம் எட்டியிருக்காது. அவர்கள் ஓட்டப்போகும் தூரம் நானூறு, ஐந்நூறு கிலோமீட்டர்.

நெடுஞ்சாலையைத் திட்டமிடும்போது இந்த நெடுந்தூர இருசக்கர வண்டி உங்கள் மனக்கண்ணில் தோன்றுவதே இல்லை என்பதுதான் நான் சொல்லவந்த செய்தி. பக்கத்து ஊரிலிருந்து சாலையைக் குறுக்கே கடக்க வந்தவர், அல்லது சர்வீஸ் ரோட்டில் இரண்டு கிலோமீட்டர் போய் இறங்கிவிடுகிறவர் என்றுதான் எங்களை நினைத்திருக்கிறீர்கள். சாலையின் ஒவ்வொரு உறுப்பிலும் அந்த நினைப்பின் தடம் தெரிகிறது.

நீங்கள் அறியாத கணக்கில்லை என்றாலும் மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். நெடுஞ்சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 1990இல் கிராமப்புறச் சாலைகளின் கொள்திறனுக்காக வெளியிட்ட வழிகாட்டுநெறியில் ஒவ்வொரு வண்டியும் எத்தனை காருக்குச் சமம் என்று ஓர் அட்டவணை இருக்கிறது. காருக்கு 1, லாரிக்கும் பேருந்துக்கும் 3, மாட்டுவண்டிக்கு 8, மோட்டார் சைக்கிளுக்கு 0.5. சாலையில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதற்கான அளவு அது. உயிருக்குப் போட்ட மதிப்பு அல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் மிதிவண்டிக்கும் எங்களுக்கும் ஒரே அரையைக் கொடுத்திருப்பதைப் பார்க்கும்போது, எங்களையும் மணிக்குப் பதினைந்து கிலோமீட்டரில் போகிறவர்களாகவே சாலை நினைத்துக்கொண்டிருக்கிறதோ என்று தோன்றாமல் இல்லை. போதாக்குறைக்கு, தேசிய நெடுஞ்சாலைகளில் இருசக்கர வண்டிகளுக்குச் சுங்கக் கட்டணம் கிடையாது. 2025 ஜூன் மாதத்தில் எங்களுக்கும் கட்டணம் வரப்போகிறது என்று ஒரு வதந்தி பரவி, மத்திய அமைச்சரே அதை மறுக்க வேண்டியிருந்தது நினைவிருக்கலாம். கட்டணம் இல்லாததற்கு நாங்கள் நன்றியுடையவர்கள்தான், பெட்ரோலின் ஒவ்வொரு லிட்டரிலும் சாலைக்கான மேல்வரியைச் செலுத்தித்தான் ஓட்டுகிறோம் என்றாலும். ஆனால் கட்டணம் இல்லாததால் ஃபாஸ்டாக் பதிவும் இல்லை. பதிவு இல்லாததால், திருச்சியில் ஏறிய ஒரு வண்டி செங்கல்பட்டு வரை போனது என்பதற்கு உங்களிடம் எந்தத் தடயமும் இல்லை.

அந்த நினைப்பைக் கண்ணால் பார்க்க விரும்பினால் எந்தச் சுங்கச்சாவடியிலும் இடது ஓரத்தில் எங்களுக்கென்று விடப்பட்டிருக்கும் குறுகிய சந்துவழியைப் பாருங்கள். காரும் லாரியும் போகும் தடங்கள் கான்கிரீட்டில் பளிச்சென்று இருக்க, எங்கள் தடத்தில் மணல் சேர்ந்திருக்கும், லாரிகள் சிந்திய டீசலும் ஆயிலும் படிந்திருக்கும், ஊழியர்களின் வண்டிகள் நிறுத்தப்பட்டிருக்கும், வெள்ளரிக்காய்க் கூடையோடு ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பார். பாட்டியின்மேல் எனக்குக் குறையில்லை. பல நாள் அவரிடம்தான் தண்ணீர்ப் போத்தல் வாங்கியிருக்கிறேன். ஆனால் எண்பதில் வந்து இருபதுக்குக் குறைத்து, ஆயிலின்மேல் மணல் தூவிய அந்தச் சந்துக்குள் வளைந்து நுழைவது, மழை நாளில், நான் நாள்தோறும் செய்யும் காரியங்களிலேயே ஆபத்தானது.

சாவடி என்ற சொல்லைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. வழிப்போக்கர் ஒதுங்கவும் படுக்கவும் ஊர் கட்டிவைத்த இடத்துக்குத்தான் நம் முன்னோர் சாவடி என்று பெயர் வைத்தார்கள். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலை போட்டதையும் சத்திரம் கட்டியதையும் தென்மாவட்டங்களில் இன்றும் சேர்த்தே பேசுகிறார்கள். ஒன்றில்லாமல் மற்றொன்று இருக்கலாம் என்று அந்தக் காலத்தில் யாருக்கும் தோன்றியிருக்காது. தலைச்சுமையை இறக்கிவைக்கக்கூடச் சுமைதாங்கிக் கல் நட்ட நாடு இது. இன்றைக்குச் சுங்கச்சாவடி என்ற பெயரில் சுங்கம் இருக்கிறது. சாவடியைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஏனென்றால் மழை வந்தால் ஒதுங்க இடமில்லை. காரில் போகிறவர்களுக்கு இது விளங்குவது கடினம் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். பெருமழையில் எழுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஒவ்வொரு துளியும் கழுத்திலும் கைவிரலிலும் சரளைக்கல்லைப்போல விழும். தலைக்கவசத்தின் கண்ணாடிக்குத் துடைப்பான் கிடையாது. வெளியே நீர்த்திரை, உள்ளே மூச்சின் ஆவி, கண்ணாடியைத் தூக்கினால் கண்ணில் அடிக்கும், இறக்கினால் ஒன்றும் தெரியாது. முன்னால் போகும் லாரியின் சக்கரங்கள் வாரியிறைக்கும் சேற்றுநீரில் அதன் பின்விளக்கு மறைந்துவிடும். வெட்டவெளியில் மின்னல் இறங்கும்போது தரையிலிருந்து உயர்ந்து நிற்பது நானும் என் வண்டியும் மின்கம்பமும்தான். அந்த நிலையில் நிறுத்துவதே அறிவுடைமை. மழை பெய்தால் ஓரமாக நிறுத்துங்கள் என்று காவல்துறையும் அதையேதான் சொல்கிறது. எங்கே நிறுத்துவது?

சாலைக்கு மேலே ஏதாவது பாலம் போனால் அதன் அடியில் நிறுத்துகிறோம். முதலில் வரும் பத்து வண்டிகள் ஓரப்பட்டையில் வரிசையாக நிற்கும். அடுத்த பத்து அவற்றின் பக்கத்தில் நிற்கும். கால் மணி நேரம் மழை நீடித்தால் இடப்பக்கத் தடத்தில் பாதியை நாங்களே அடைத்துக்கொண்டு நிற்போம், பெண்களும் குழந்தைகளும் உட்பட, விளக்கை அணைத்துவிட்டு. பாலத்துக்கு வெளியே கொட்டும் மழையில் வரும் லாரி ஓட்டுநருக்கு அந்தப் பாலத்தின் அடி ஒரு கருங்குகை. உள்ளே முப்பது நாற்பது பேர் நிற்பது கடைசி நொடியில்தான் தெரியும். சென்ற ஆண்டு நவம்பர் மாதத்தில் அப்படியொரு பாலத்தின் கீழ், இரவுப்பணிக்குப் போய்க்கொண்டிருந்த செவிலியர் ஒருவர் என் பக்கத்தில் நின்றார். வந்த ஒவ்வொரு வண்டியின் வெளிச்சத்துக்கும் அவர் தன் கைப்பேசி விளக்கை உயர்த்தி உயர்த்தி ஆட்டிக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் அவர் கை இறங்கவில்லை. நாங்கள் மற்றவர்கள் எல்லாரும் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

பெரும்பாலான ஊர்களில் முதன்மைச் சாலை மேலே போக, ஊர்ச்சாலை அதன் அடியில் போகிறது. அங்கே ஒதுங்க வேண்டுமென்றால் முன்கூட்டியே சர்வீஸ் ரோட்டில் இறங்க வேண்டும். இறங்கிப் போனால் அந்த அடிவழியில்தான் ஊர்த் தண்ணீர் முழுவதும் தேங்கியிருக்கும். சுங்கச்சாவடிக் கூரையின் கீழ் நின்றால் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று விரட்டப்படுவோம். அதில் நியாயமும் இருக்கிறது. மிச்சமிருப்பவை பெட்ரோல் பங்குகளும் தேநீர்க்கடைகளும்தான். அந்தக் கடைக்காரர்களுக்கு இந்த மடலில் நான் நன்றி சொல்லாவிட்டால் வேறு எங்கும் சொல்லப்போவதில்லை. தார்ப்பாயைக் கூடக் கொஞ்சம் இழுத்துக் கட்டி, ஒரு தேநீருக்கு ஒரு மணி நேரம் நிற்க விட்டவர்கள் அவர்கள்.

மலேசியாவில் கிள்ளானில் என் சித்தப்பா மகன் இருக்கிறான். அங்கே மாலை மழை என்பது ஏறக்குறைய அன்றாட வழக்கம். மோட்டார் சைக்கிள்களும் நம்மைப் போலவே ஏராளம். கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே ஓடும் கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970களிலேயே உலக வங்கித் திட்டத்தின்கீழ் மோட்டார் சைக்கிளுக்கென்று தனித்தடம் போடத் தொடங்கினார்கள். தனித்தடம் நமக்கு எட்டாத செலவு என்று நீங்கள் சொல்லலாம். நான் கேட்பது அதைவிடச் சிறியது. அவன் ஓட்டிப்போகும் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில், மேம்பாலங்களை ஒட்டி, தடுப்புக்கு அந்தப் பக்கம், மோட்டார் சைக்கிள்கள் மழைக்கு ஒதுங்கவென்றே சின்னச் சின்ன நிறுத்தங்கள் அமைத்திருக்கிறார்கள். அந்த நெடுஞ்சாலையிலும் மோட்டார் சைக்கிளுக்குச் சுங்கம் கிடையாது என்பதைக் குறிப்பிட விரும்புகிறேன். கட்டணம் வாங்காதவரைக்கூட நனையாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு நாட்டுப் பொறியாளர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

நம் சாலைகளில் அதற்கு என்ன வேண்டும்? இருபது கிலோமீட்டருக்கு ஒன்றாக, இரும்புத் தடுப்புக்குப் பின்னால், பத்துப் பதினைந்து வண்டிகள் நிற்கும் அளவுக்கு ஒரு தகரக் கூரையும் சிமென்ட் தளமும். அதில் நுழையவும் வெளியேறவும் ஓரப்பட்டையிலிருந்து ஒரு சரிவு. சூரிய ஒளியில் எரியும் ஒரு விளக்கு. அரை கிலோமீட்டர் முன்னதாக ஒரு பலகை. மேலே பாலம் போகும் இடங்களில் கூரைகூட வேண்டாம். பாலத்தின் தூணுக்கும் சுவருக்கும் நடுவே சும்மா கிடக்கும் இடத்தைச் சமன்செய்து, தடுப்பில் ஒரு வாயில் விட்டாலே போதும். நான்கு சக்கரக்காரர்களுக்கு நாற்பது அறுபது கிலோமீட்டருக்கு ஒன்றாக உணவகத்தோடும் கழிப்பறையோடும் வழித்தட வசதிகள் திட்டமிடப்படுவதை வரவேற்கிறேன், ஆனால் திடீரென்று கொட்டும் மழையில் நாற்பது கிலோமீட்டர் என்பது எங்களுக்கு ஒரு மணி நேரம்.

இரண்டாவதாக, வடிகால். இதை என் தோள்பட்டை எலும்பு எழுதவைக்கிறது. சாலை வலப்பக்கமாக வளையும் இடங்களில் தளம் உட்பக்கம் சாய்ந்திருப்பதால் மழைநீர் மையத் தடுப்பை நோக்கி வழிகிறது. அங்கே அதை வாங்கிக்கொள்ளத் தடுப்பின் ஓரத்தில் துளைகளும் வடிகாலும் விட்டிருக்கிறீர்கள். வரைபடத்தில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் நடுவே நட்ட அரளியின் சருகும், செடிக்கு ஊற்றும் தண்ணீரில் கரைந்துவரும் மண்ணும் அந்தத் துளைகளை அடைத்துவிடும்போது, நீர் வெளியேற வழியில்லாமல் வலப்பக்கத் தடத்திலேயே ஏரிபோல் நிற்கிறது. வேகமாகப் போகிறவர்களின் தடம் அது. ஒரு லாரியை முந்துவதற்காக நான் அதில் ஏறினேன். நீர் நிற்பது தெரிந்த கணத்தில் முன்சக்கரம் அதன்மேல் மிதக்கத் தொடங்கிவிட்டிருந்தது. கைப்பிடி திடீரென்று எடையிழந்து லேசாகிவிடும் அந்த உணர்வை அனுபவித்தவர்கள் மறக்கமாட்டார்கள். பிரேக்கைத் தொடவில்லை, தொடாமலே விழுந்தேன். தோள்பட்டை எலும்பு முறிந்து ஆறு வாரம் வீட்டில் இருந்தேன். என்னை ஓரத்துக்கு இழுத்துப் போட்டு, 108 வரும்வரை குடை பிடித்துக்கொண்டு நின்ற அந்த லாரி ஓட்டுநரின் ஊர்கூட எனக்குத் தெரியாது.

குணமான பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வளைவுக்குப் போய்ப் பார்த்தேன். நீர் நின்ற இடத்தில் மூன்று துளைகள் இருந்தன. மூன்றும் மண்ணால் மூடிக் கெட்டித்துப்போய், ஒன்றில் புல்கூட முளைத்திருந்தது. அந்த மண் முழுவதையும் அள்ளினால் மூன்று சட்டி வரும். இடத்தின் பெயரையும் அது யார் பொறுப்பில் இருந்தது என்பதையும் இங்கே எழுதவில்லை. யாரையும் தண்டிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. செப்டம்பர் முடிவதற்குள், வலப்பக்கம் வளையும் ஒவ்வொரு வளைவிலும், மண்வெட்டியோடு இரண்டு பேரை ஒருமுறை நடக்கவிடுங்கள் என்றுதான் கேட்கிறேன். அரளிக்குத் தண்ணீர் ஊற்றும் டேங்கர் லாரியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விடியற்காலைப் பனியில், வளைவைத் தாண்டியதும், வலப்பக்கத் தடத்தில் மனிதன் நடக்கும் வேகத்தில் நகரும் அந்த வண்டிக்குப் பின்னால் நூறு மீட்டர் தொலைவில் ஓர் எச்சரிக்கை விளக்கு வைப்பது அப்படியொன்றும் பெரிய செலவில்லை.

வெயிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கத்திரி வெயிலில் எல்லாருமே வேகத்தான் செய்கிறோம். சாலையை அகலப்படுத்த வெட்டிய புளியமரங்களுக்கு ஈடாக நடப்பட்டவை நிழல் தரும் வயதுக்கு இன்னும் வரவில்லை, பல இடங்களில் நடப்பட்டதற்கான அடையாளமே இல்லை. நான் கேட்கும் கூரை அக்டோபரில் மழைக்கு என்றால் மே மாதத்தில் வெயிலுக்கு. இருபது நிமிடம் நிழலில் நின்று தண்ணீர் குடிப்பவனுக்கும், கண் சொருகச் சொருக ஓட்டிக்கொண்டே போகிறவனுக்கும் உள்ள வேறுபாடு விபத்துப் பதிவேட்டில் ‘அதிவேகம்’ என்ற ஒரே சொல்லில் மறைந்துபோகும்.

காற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதைக் காரில் போகிறவர்கள் அறியவே மாட்டார்கள். திருநெல்வேலியிலிருந்து தெற்கே வள்ளியூர், பணகுடி தாண்டிக் காவல்கிணறு வரும்போது, தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் புகுந்து வலப்பக்கத்திலிருந்து வண்டியை அறையும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை வேடிக்கைக்கா நட்டார்கள்? அங்கே வண்டியைக் காற்றுக்கு எதிராகச் சாய்த்துப் பிடித்தபடியேதான் நேர்க்கோட்டில் போக முடியும். அப்போது வலப்பக்கம் ஒரு பேருந்து முந்தினால் காற்று சட்டென்று அறுந்து, சாய்த்துப் பிடித்திருந்த வண்டி பேருந்தை நோக்கி இழுபடும். பேருந்து கடந்ததும் விட்ட காற்று மொத்தமாக வந்து ஓரத்துக்குத் தள்ளும். முதல் தடவை போகிறவர்களுக்கு இது தெரியாது. ஜூன் முதல் செப்டம்பர் வரையாவது அந்தப் பகுதியில் ஓர் எச்சரிக்கைப் பலகையும், விமானத் தளங்களில் இருப்பதுபோல் காற்றின் திசையையும் வலுவையும் காட்டும் ஒரு காற்றுப்பையும் இருந்தால், கன்னியாகுமரிக்கு ஆசையாகக் கிளம்பிவரும் இளைஞர்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்வார்கள்.

எங்கள் பக்கத்துத் தவறுகளை மறைத்துக்கொண்டு இந்த மடலை எழுத விரும்பவில்லை. தலைக்கவசத்தைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போகிறோம். மையத் தடுப்பில் திரும்புவதற்கான பிளவு தொலைவில் இருக்கிறது என்று எதிர்த்திசையில் வருகிறோம். தேய்ந்த டயரை இன்னும் ஒரு மாதம் ஓட்டிக்கொள்ளலாம் என்று நினைத்து ஐப்பசி வரை இழுத்துவிடுகிறோம். நானும் ஒருமுறை அப்படி இழுத்தவன்தான். இவற்றுக்காகக் காவல்துறை எங்களைத் தண்டிப்பதில் தவறில்லை. ஆனால் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கையின்படி 2022இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். எண்ணிக்கையில் மிகுதியான விபத்துகள், 64,105, பதிவானது தமிழ்நாட்டில். சாலைகளின் மொத்த நீளத்தில் மிகச் சிறு பங்கே உள்ள தேசிய நெடுஞ்சாலைகளில் மட்டும் நாட்டின் மொத்தச் சாலை மரணங்களில் 36 விழுக்காட்டுக்கு மேல் நிகழ்ந்திருக்கின்றன. இத்தனை பேரும் தங்கள் தவறால்தான் இறந்தார்கள் என்று சொல்லிவிட்டு யாரும் நிம்மதியாகத் தூங்க முடியாது. அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தரும் திட்டத்தை மாநில அரசு 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில், அதே சென்னை–திருச்சிச் சாலையில்தான், தொடங்கிவைத்தது. அந்தத் திட்டத்தை மனதாரப் பாராட்டுகிறேன். அதற்கு முந்தைய 48 நொடிகளைப் பற்றித்தான் உங்களிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு ஓர் அச்சமும் உண்டு. எங்களைப் பற்றி யோசிக்கச் சொன்னால், எங்களைச் சாலையிலிருந்தே விலக்கிவிடலாம் என்ற எளிய விடை உங்களுக்குத் தோன்றிவிடக்கூடும். பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையின் முதன்மைத் தடத்தில் 2023 ஆகஸ்ட் 1 முதல் இருசக்கர வண்டிகளுக்குத் தடை வந்தது. நூறுக்கு மேல் போகும் கார்களோடு எங்களைக் கலக்கக் கூடாது என்ற வாதத்தில் பொருள் இருக்கிறது. அந்தத் தடையை எதிர்த்து நான் எழுதப்போவதில்லை. ஆனால் தடைக்குப் பிறகு எங்களுக்கு மிஞ்சும் சர்வீஸ் ரோடு, நெடுந்தூரம் தொடர்ந்து ஓட்டுவதற்கான சாலையாக இருக்க வேண்டும். இன்று அது ஒவ்வொரு ஆற்றுப்பாலத்திலும் அறுந்து, ஒவ்வொரு ஊரிலும் கடைகளின் முற்றமாகி, லாரி நிறுத்தமாகி, மழைநீர்க் குட்டையாகி, எங்கே தொடரும், எங்கே முடியும் என்று அறிவிக்கும் ஒரு பலகைகூட இல்லாமல் கிடக்கிறது. தமிழ்நாட்டில் இனி வரப்போகும் விரைவுச்சாலைகளில் எங்களுக்கு இடமில்லை என்று முடிவெடுப்பதற்கு முன், அதே வரைபடத்தில் எங்களுக்கான வழியையும் வரைந்துவிடுங்கள். கூரைகளையும் சேர்த்து.

இவற்றில் மிகச் சில மட்டுமே பணம் தேவைப்படுபவை. சுங்கச்சாவடியில் எங்கள் தடத்தை வாரம் ஒருமுறை பெருக்கிக் கழுவுவதற்கும், அடைந்த துளைகளைத் தூர்வாருவதற்கும் புதிய ஒப்பந்தம் தேவையில்லை. பழைய ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்தாலே போதும் என்று நினைக்கிறேன். கூரைகளை ஒரே நாளில் எல்லாச் சாலைகளிலும் போடச் சொல்லவில்லை. திருச்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடையே ஏழெட்டு இடங்களில் போட்டு, ஒரு பருவமழையில் அதன் அடியில் எத்தனை வண்டிகள் நிற்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். எங்களைப் பற்றி உங்களிடம் இருக்கும் முதல் நெடுந்தூரக் கணக்காக அதுவே அமையும்.

எங்கெங்கே போடலாம் என்ற ஐயம் எழுந்தால் நான் உதவ முடியும். எந்தப் பாலத்தின் கீழ் எத்தனை மணிக்கு எத்தனை பேர் நிற்பார்கள், எந்த வளைவில் நீர் நிற்கும், எந்தக் கிலோமீட்டர் கல்லுக்குப் பிறகு பதினெட்டுக் கிலோமீட்டருக்கு ஒரு மரமும் இல்லை என்பதையெல்லாம் ஒரு குயர் நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். அதைவிட நல்ல வழி, உங்களில் ஒருவர் ஐப்பசியில் ஒரு நாள் என்னோடு வருவது. காலை ஐந்தரைக்குத் திருச்சியில் கிளம்புவேன். பின்னிருக்கையில் வருபவருக்கு ஒரு தலைக்கவசமும் ஒரு மழைக்கோட்டும் என்னிடம் கூடுதலாக இருக்கின்றன. காலுறை மட்டும் இரண்டு ஜோடி எடுத்துவந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
திருச்சியிலிருந்து ஓர் இருசக்கர வண்டியோட்டி